ஒவ்வொன்றாகக் கழட்டிப் பார்த்தோம்

மில்லியைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் அவன் குடிப்பவன் இல்லை என்பதை நான் முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் அந்த நினைப்புதான் வருகிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டியின் தரையும் மாடியின் தரையும் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறி இறங்கி நிற்கக் கூடாது என்று உயிரை எடுப்பான். பத்து மில்லிவரை பரவாயில்லை என்று கம்பெனிப் புத்தகமே சொல்கிறது. அவனுக்கு அது போதாது. ஸ்டீல் ஸ்கேலை வாசலில் நிறுத்தி, கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் பார்ப்பான். பக்கத்தில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கும் எனக்குப் பசியில் கண் இருட்டும். எரிச்சலில் நான் வைத்த பெயர்தான் அது. சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இன்று அவன் மில்லிதான்.

பதினாறு வருடமாக நாங்கள் ஜோடி. எங்கள் வேலையில் தனியாள் கிடையாது. ஒருவன் மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில் நிற்பான், மற்றவன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பான். நடுவில் வாக்கி டாக்கி. கூரையில் இருப்பவன் "மேலே போறேன்" என்றால் மெஷின் ரூமில் இருப்பவன் "மேலே போ" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் காதில் விழாமல் பொத்தானில் விரல் வைக்கக் கூடாது. இந்தப் பழக்கத்தில் வீட்டில் என் மனைவி "சாப்பிட வாங்க" என்றதும் நானும் "சாப்பிட வா" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. கூரைமேல் நிற்பது பெரும்பாலும் மில்லிதான். எனக்குக் கொஞ்சம் தொப்பை, அவனுக்குக் கொஞ்சம் வெறி.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் என்னிடம், "மாப்ள, அந்தப் பொம்பளை என்னைப் பத்திப் பேசுறா" என்றான். லிஃப்ட்டுக்குள் "கதவுகள் மூடுகின்றன" என்று சொல்லும் பதிவுக் குரலைத்தான் சொன்னான். நான் சிரித்தேன். "கொடுத்து வச்சவன்டா நீ, என்னைப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறாங்க" என்றேன். அடுத்த வாரம் மூன்று கட்டடங்களில் ஸ்பீக்கர் வயர்களை அவன் வெட்டிவிட்டான். நாலு நாள் தூங்கவில்லை. அவன் மனைவி அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். மனநல மருத்துவமனையில் ஆறு வாரம் இருந்து, ஒரு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தான். அது ராத்திரி மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எதிரில் நின்றுகொண்டு விழுங்க வைப்பாள். கண்ணாடிக் கடையில் ஆட்களுக்குப் பவர் பார்ப்பவள் அவள், கண்ணை வைத்தே ஆளை எடை போடுவாள். காதில் கேட்ட குரல் போய்விட்டது. உடம்பு பதினைந்து கிலோ ஏறியது. போனால் போகிறது என்று விட்டோம். மனுஷன் திரும்பி வந்தானே, அதுவே போதும் என்றிருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை இ.சி.ஜி. எடுத்து வரச் சொல்லி மனநல மருத்துவமனை டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுப்பார். தலைக்கு மாத்திரை கொடுக்கிறவர் நெஞ்சை எதற்குப் படம் எடுக்கச் சொல்கிறார்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்று நாங்கள் இருவரும் சேர்ந்தே சிரித்திருக்கிறோம். முதல் இரண்டு வருடம் எடுத்தான். பிறகு சீட்டுகள் டூல் பாக்ஸின் அடித்தட்டில் ஸ்பேனருக்குக் கீழே சேர்ந்துகொண்டிருந்தன.

இந்த வருடம் பிரச்சினை நெஞ்செரிச்சலில் ஆரம்பித்தது. சாப்பிட்டவுடன் எரிகிறது என்றான். எனக்கும் எரியும், நானும் கேஸுக்கு ஒரு கேப்ஸ்யூல் போடுவேன், மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து நீட்டி, "எனக்கு ஒத்துக்கிச்சு, உனக்கும் ஒத்துக்கும், தினம் காலையில ஒண்ணு போடு" என்றேன். எரிச்சல் நின்றது. நல்ல காரியம் செய்தேன் என்று நான்கூடக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறு புகார் வந்தது. "நெஞ்சுக்குள்ள ஒண்ணு துள்ளுது மாப்ள. துள்ளி, ஒரு நொடி நின்னு, அப்புறம் தடதடன்னு ஓடுது" என்றான். ஏணியில் ஏறும்போது கண் இருட்டுகிறது என்றான். வாரத்துக்கு இரண்டு முறை சொன்னது, பிறகு தினம் இரண்டு முறையானது. நானும் கேட்டுக் கேட்டு, "கேஸ்தான்டா மேல ஏறி நெஞ்சை அடைக்குது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போடு" என்றேன். அவன் சரி என்றான். துள்ளல் அதிகமானது.

பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் நாடியைப் பிடித்தார், பழைய சீட்டைப் புரட்டினார், ராத்திரி மாத்திரையின் பெயரைப் பார்த்தார். அதோடு அவர் முகம் மாறிவிட்டது. குழந்தையிடம் பேசுவதுபோல, "ஒண்ணுமில்ல தம்பி, டென்ஷன். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்கூட வைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. என் நெஞ்சு துள்ளுகிறது என்று நான் போய்ச் சொல்லியிருந்தால் அந்த ஆள் மெஷினை மாட்டியிருப்பார். மில்லி சொன்னால் அது மண்டையாம்.

அங்கிருந்து எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் என்னைத் தனியாக அழைத்து, "பழசு திரும்புதோ? கூரைமேல ஏத்தலாமா, வேணாமா?" என்றார். அவன் மனைவி மாத்திரைப் பட்டையை எண்ண ஆரம்பித்தாள். மில்லிக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் மெஷின் ரூமில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ தொட்டுப் பாரு. நிஜமா தப்பித் தப்பி அடிக்குதா, இல்ல எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா?" என்று கேட்டான். தொட்டேன். அடித்தது, நின்றது, அடித்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்த அதிர்வில் அது அவன் நாடியா என் விரலா என்றே எனக்குத் தெரியவில்லை. "தெரியலடா" என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

அப்போதுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவன்.

எப்போதாவது வந்து எப்போதாவது மறைகிற கோளாறு லிஃப்ட்டில் வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. சந்தேகப்படும் பாகத்தைக் கழட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். கோளாறு நின்றால் அந்தப் பாகம்தான். நிற்காவிட்டால் அதைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததைக் கழட்டுவோம். "உன் உடம்புல வெளியிலேர்ந்து போறது என்ன? ராத்திரி மாத்திரை ஒண்ணுதான். ரெண்டு வாரம் கழட்டிப் பாரு" என்றேன். மில்லிக்கு இது உடனே பிடித்துப்போனது. டாக்டர் பேச்சு அவனுக்குப் புரிந்ததில்லை, இது புரிந்தது. மனைவிக்குத் தெரியாமல் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவிட்டு, கை கழுவப் போகும்போது துப்பினான். கண்ணை வைத்து எடை போடுகிறவளையே ஏமாற்றிவிட்டான். எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம் நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் துள்ளல் நின்றது. ஏழாம் நாள் ஒன்பது மாடி படியேறி வந்து, "மாப்ள, கடிகாரம் மாதிரி அடிக்குது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். படித்த டாக்டருக்குத் தெரியாதது ஸ்பேனர் பிடிக்கிற நமக்குத் தெரிந்ததே என்று இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்தோம். பன்னிரண்டு வருடமாக விழுங்கிய மாத்திரை இந்த வருடம் மட்டும் ஏன் நெஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாளிலிருந்து அவன் அதிகம் பேசினான். பிறகு அடியோடு பேசாமல் ஆனான். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்றான். அவன் மனைவி எனக்குப் போன் செய்து, "அண்ணே, மாத்திரை சரியாத்தான் போடுறார், ஆனா வேற யாரோ மாதிரி இருக்கார்ணே" என்றாள். இன்னும் நாலு நாள்தானே, இரண்டு வாரக் கணக்கு முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் நெஞ்சு திரும்பத் துள்ளினால்? இரண்டு வாரம் முடிந்து இரண்டு நாளும் ஆனது. இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினாறாம் நாள், ஒரு அலுவலகக் கட்டடம், காலை பதினோரு மணி. நான் மெஷின் ரூமில், அவன் கூரைமேல். பிரேக்கின் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். வாக்கி டாக்கியில் அவன் குரல் வந்தது.

"சரி மாப்ள, மேலே போறேன்."

பிரேக்கில் என் கை இருக்கிறது. "இரு! நான் ஒண்ணும் சொல்லலையே?"

"இப்பத்தானே மேலே வான்னு கூப்பிட்ட?"

"இல்லடா. நான் வாயே திறக்கல."

பிரேக்கிலிருந்து கையை உருவினேன். பிறகு ஸ்டாப் சுவிட்சை அவன் அழுத்தும் சத்தம், நன்றாகத் தெரிந்த சத்தம், கேட்டது.

"மாப்ள, நிறுத்திட்டேன். இப்ப பேசுறது நீதானா இல்லையான்னு எனக்குத் தெரியல. கீழ இறங்கி வந்து, கதவைத் திறந்து, மூஞ்சியைக் காட்டு. அதுவரைக்கும் நான் எதையும் தொட மாட்டேன்."

மூன்று மாடி விழுந்தடித்து இறங்கினேன். கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது அவன் கூரையில் சம்மணம் போட்டு, இரண்டு கையையும் அக்குளில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அழுதான். நானும் அழுதேன். குரல் கேட்கிற மனுஷன் தன் கையைத் தானே கட்டிப்போட்டான். குரல் எதுவும் கேட்காத நான்தான் அவனை அங்கே ஏற்றிவிட்டிருந்தேன்.

கம்பெனி வேனில் அப்படியே மனநல மருத்துவமனைக்குப் போனோம். கண்ணாடிக் கடையிலிருந்து அவன் மனைவி கையில் லென்ஸ் துடைக்கும் துணியோடு ஓடி வந்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரம்மாவிடம், "மாத்திரை போட்டா நெஞ்சு தப்புது. போடலைன்னா புத்தி தப்புது. நான் எதை வச்சுக்கிட்டு எதை விடுறது? எனக்கு முழு மனுஷன் வேணும்மா" என்றாள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

டாக்டரம்மா அறுபதைத் தொட்டவர், பொறுமைசாலி. அன்றைக்கு அவர் பொறுமையும் போய்விட்டது. "கழட்டிப் பார்த்தீங்களா? யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? நெஞ்சு துள்ளினா அன்னைக்கே என்கிட்ட வந்திருக்கணும். இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். நீளமான காகிதத்தைக் கையில் வைத்து ஸ்கேலால் அளந்தார். மில்லி அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற என்ன மருந்து சாப்பிடுறார்?"

"வேற ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அவள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன் நானும்.

"வயித்துக்கு, தலைவலிக்கு, சளிக்கு?"

"கேஸுக்கு ஒரு கேப்ஸ்யூல். அது மருந்துல சேர்த்தி இல்லையே" என்றேன். சொல்லும்போதே என் காது சூடேறியது. லிஃப்ட் நின்றுபோனால் எந்தக் கட்டடத்திலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக இதில் யார் கை வைத்தது என்பதுதான். அந்தக் கேள்வியை மில்லியின் உடம்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கடைசியாகக் கை வைத்தவன் நான்.

என் சட்டைப் பையிலிருந்த பட்டையை டாக்டரம்மா வாங்கி, பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். அந்த கேப்ஸ்யூலுக்குள் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று எரிச்சலுக்கு, மற்றது வயிற்றில் இருப்பதைக் கீழே தள்ளுவதற்கு. "ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் அடுத்ததுக்குத் தயாராக இதயத்துக்குக் கொஞ்ச நேரம் வேணும். ராத்திரி மாத்திரை அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டும். அதுக்குத்தான் வருஷா வருஷம் இ.சி.ஜி. கேட்டேன். இந்த ரெண்டாவது மருந்தும் அதே நேரத்தைத்தான் நீட்டும். ரெண்டும் சேர்ந்தா தாளம் தப்பும், மயக்கம் வரும், சிலருக்கு உயிரே போயிடும்" என்றார்.

மில்லி பல மணி நேரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தான். "கதவு முழுசா மூடுறதுக்குள்ள அடுத்த மாடிக்குக் கிளம்பின மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் அவர்.

"அப்ப இதுதான் காரணமா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் இதுதான். ஆனா அடிச்சுச் சொல்ல மாட்டேன். கேப்ஸ்யூலை நிறுத்துவோம். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சு, இங்கேயே வச்சு, தினம் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்போம். இதய டாக்டரும் பார்க்கட்டும்."

பெரும்பாலும் சரி என்று சொல்லி நாங்கள் ஒரு லிஃப்ட்டையும் ஆட்களுக்குத் திறந்துவிட மாட்டோம். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஒன்பது நாள் இருந்தோம். ராத்திரி மாத்திரை உள்ளே போகும் ஒவ்வொரு நாளும் எனக்குத்தான் துள்ளியது. இதய டாக்டர் ஸ்கேன் எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது, எடையைக் குறை, சர்க்கரையைப் பார், நட என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது காகிதமும் சரியாக வந்தது. குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது, மூன்று வாரத்தில் நின்றது. நெஞ்சு மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறை துள்ளியது என்றான். அது என்ன என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் எப்பவாவது துள்ளும்" என்றார் டாக்டரம்மா. அதை எப்படி நம்புவது, எப்படி நம்பாமல் இருப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் வேலைக்கு வந்தான். கூரைமேல் ஏற டாக்டரம்மாவின் கடிதம் இன்னும் வரவில்லை. அதனால் இப்போது கூரையில் தொப்பையோடு நான், மெஷின் ரூமில் அவன். நான் சொல்வதை அவன் கொஞ்சம் தாமதமாகத் திருப்பிச் சொல்கிறான். காத்திருக்கிறேன். முன்னே நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

போன வாரம் மதியம் மெஷின் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மன்னிச்சிடுடா" என்றேன். இரண்டு மாதமாகச் சொல்ல நினைத்தது. "கேப்ஸ்யூலைக் கொடுத்தது நான். மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் நான்."

அவன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"விடு மாப்ள. அந்த ரெண்டு மாசமும் என் நெஞ்சைப் பத்தி நான் சொன்னப்ப கிளினிக்காரன் மண்டைன்னான், சூப்பர்வைசர் மண்டைன்னான், வீட்டுல மாத்திரையை எண்ணினா. எனக்கே நம்பிக்கை போச்சு. நீ ஒருத்தன்தான் நெஞ்சுன்னு நம்புன. மருந்து தப்பாப் போச்சு, அது வேற. நம்புனியே, அது போதும்."

நான் நம்பவில்லை. ஒருநாள்கூட நம்பவில்லை. மற்றவர்களைப் போலவே எனக்கும் அது மண்டைதான். தினம் இரண்டு முறை கேட்டுச் சலித்துப்போய், அவன் வாயை அடைக்கத்தான் இரண்டாவது கேப்ஸ்யூலைப் போடச் சொன்னேன். அதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன்.

"ஆமாடா" என்றேன்.